புல்லட்டும் கார்புரேட்டரும்: ஒரு சின்ன வரலாறு

பழைய புல்லட் வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் "கார்ப்ல அடைப்பு" என்ற வார்த்தை வராமல் இருக்காது. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா, சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிறதா, முதல் பழி கார்புரேட்டர் மேல்தான். அந்தச் சின்ன டப்பாவுக்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேலான கதை இருக்கிறது.

ஆரம்பகால என்ஜின்களில் பெட்ரோலின் மேல்பரப்பை உரசிக்கொண்டு காற்று போகும். ஆவியாக வந்ததுதான் கிடைக்கும். 1893ல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் மேபாக், மெல்லிய துளை வழியாகப் பெட்ரோலைக் காற்றில் பீய்ச்சும் வழியைக் கொண்டுவந்தார். தத்துவம் எளிது. குறுகலான இடத்தில் காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறையும், துளை வழியாகப் பெட்ரோல் தானாக மேலே ஏறும். பெட்ரோல் மட்டம் மாறாமல் பார்த்துக்கொள்ள ஒரு மிதவை.

இங்கிலாந்தில் 1927ல் அமாக், பிரவுன் அண்ட் பார்லோ, பிங்க்ஸ் என்ற மூன்று கார்புரேட்டர் கம்பெனிகள் ஒன்றாகி 'அமால்' உருவானது. அமால்கமேஷன் என்பதன் சுருக்கம்! கம்பெனி அக்கவுண்ட்ஸ் பேப்பரில் எங்களைப் பாடாய்ப் படுத்தும் அதே அமால்கமேஷன்தான் :)

1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டது. அடுத்த வருடமே திருவொற்றியூரில் புல்லட் தயாராக ஆரம்பித்தது. அந்தக் கால 350 புல்லட்டில் இருந்தது அமால் மோனோபிளாக். அதற்கு முந்தைய கார்புரேட்டர்களில் மிதவை அறை தனியாக இருக்கும். இதில் எல்லாம் ஒரே வார்ப்பு, பெயரே அதனால் வந்ததுதான். பின்னாளில், ஜப்பானின் மிக்குனி தொழில்நுட்பத்தில் இங்கேயே தயாரான மிக்கார்ப் வந்தது.

இந்த கார்புரேட்டர்களில் எனக்குப் பிடித்த விஷயம், கோளாறைக் கண்டுபிடிக்க மீட்டர் எதுவும் வேண்டாம். ஆக்சிலேட்டரை எவ்வளவு திருகும்போது பிரச்சினை வருகிறது என்று பார்த்தால் போதும். திருகாமல் நிற்கும்போது ஆஃப் ஆனால் ஸ்லோ ஜெட் அல்லது ஏர் ஸ்க்ரூ. லேசாகத் திருகும்போது திணறினால் ஸ்லைடு. கால் பாகத்திலிருந்து முக்கால் வரை என்றால் நீடில். முழுதாகத் திருகியும் இழுக்கவில்லை என்றால் மெயின் ஜெட். பெட்ரோல் வழிந்தால் மிதவையோ அதன் ஊசி வால்வோ. ஸ்லோ ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால், கார்புரேட்டர் என்ஜினோடு சேரும் இடத்தில் காற்று கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

கடைசியில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் தீர்ப்பு கிடைத்துவிடும். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, இளம் பழுப்பு என்றால் சரி. ஒரு எச்சரிக்கை: ஜெட்டில் அடைப்பு என்றால் காற்றடித்துத்தான் எடுக்க வேண்டும். கம்பியை விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். அப்புறம் எந்த ட்யூனிங்கும் நிற்காது.

இதனால்தான் புளியமரத்தடியில் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்திருந்த மெக்கானிக்கால், பர்மிங்ஹாமில் வடிவமைத்த கருவியைச் சரிசெய்ய முடிந்தது. படிப்பு தேவைப்படவில்லை, காதும் கண்ணும் போதும்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதிகள் வந்தபோது புதிய புல்லட்டிலிருந்து கார்புரேட்டர் விடைபெற்றது. அந்த இடத்துக்கு ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்தது. புகை குறைந்ததால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. அவற்றுக்குப் புதுத் தொல்லையும் சேர்ந்திருக்கிறது. 2025ல் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் வாஷர்களையும் கெடுக்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டியில் மிதவை அறையைக் காலி செய்து வைப்பது நல்லது.

அமால் உதிரிபாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் தயாராகின்றன. காசு கொடுத்தால் வாங்கிவிடலாம். சத்தத்தைக் கேட்டே "ஸ்லோ ஜெட்டைப் பாரு" என்று சொல்லும் காதை எந்தக் கடையில் வாங்குவது? உங்கள் ஊரில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவருக்குத் தெரிந்ததில் பாதிகூட எந்தப் புத்தகத்திலும் இருக்காது.