வழி கூறும் மரபும் ஒப்புமை விழுக்காடும்: திருப்பூர் பற்றிய ஆய்வுகளை முன்வைத்து

பிறர் எழுதியதையோ கண்டறிந்ததையோ அவர் பெயரைச் சுட்டாமல் தமதாகக் காட்டுவது கல்விப்புலத்தில் கருத்துத் திருட்டு எனப்படுகிறது. அதைத் தடுக்கும் இந்திய விதிகள் அண்மைக் காலத்தவை. ஆனால், சொல்லும் செய்தி எங்கிருந்து வந்தது என்பதை நூலாசிரியர் வெளிப்படுத்த வேண்டும் என்ற எதிர்பார்ப்பு தமிழில் பழமையானது. கொங்கு நாட்டவராக மரபு கருதும் பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூல், சிறப்புப் பாயிரம் உணர்த்த வேண்டிய செய்திகளுள் ஆக்கியோன் பெயரை அடுத்து, நூல் வந்த வழியை வைக்கிறது. முன்னோர் நூற்பாக்களை அப்படியே எடுத்தாள்வதை அது குற்றமாகக் கருதவில்லை. அவர்கள் மொழியைப் போற்றும் செயலாகவே அதற்கு விளக்கம் தருகிறது. முதல்நூலை மனப்பாடமாகக் கற்றவர்களே வழிநூலையும் கற்ற சூழலில், எடுத்தாண்ட நூற்பா யாருடையது என்பது மறைந்திருக்க வாய்ப்பில்லை என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

அச்சு வந்தபின் வாசகர் யார் என்பதே ஆசிரியருக்குத் தெரியாத நிலை உருவாயிற்று. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஏட்டுச்சுவடி தந்து உதவியவர்களைத் தம் பதிப்புகளில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டமை, பழைய மரபைப் புதிய ஊடகத்துக்குக் கொண்டுவந்த முன்மாதிரி எனலாம்.

பல்கலைக்கழக ஆய்வேடுகளில் இந்த ஒழுங்கு நெடுங்காலம் நெறியாளரின் கண்காணிப்பை மட்டுமே நம்பியிருந்தது. நூலக அலமாரியில் முடங்கிய ஆய்வேட்டை மற்றொரு பல்கலைக்கழகத்தவர் பார்ப்பது அரிது. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆய்வேடுகளின் மின்படியைக் கட்டாயமாக்கியதும், அவை ஷோத்கங்கா என்னும் இணையக் களஞ்சியத்தில் சேரத் தொடங்கியதும் இந்நிலையை மாற்றின. அக்குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் கருத்துத் திருட்டுக்கான தண்டனையை வரையறுத்தன. ஒப்புமை, அதாவது பிற எழுத்துகளோடு சொற்றொடர்கள் பொருந்தும் அளவு, 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 40 வரை எனில் 6 மாதங்களுக்குள் திருத்திய ஆய்வேட்டைத் தர வேண்டும். 60 வரை எனில் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டையும் அளிக்க இயலாது. அதற்கு மேற்பட்டால் பதிவே நீக்கப்படும்.

இவ்விதிகள் தரும் வரையறை பிறர் கருத்தையும் உள்ளடக்குகிறது; தண்டனை அளவுகோலோ சொல் ஒப்புமையை மட்டுமே எண்ணுகிறது. இந்த இடைவெளி தமிழில் எழுதப்படும் ஆய்வேடுகளில் மிக அகலமானது. ஏனெனில் ஆங்கில நூலிலிருந்து மொழிபெயர்த்துச் சேர்த்த பத்தியை மென்பொருள் பெரும்பாலும் அடையாளம் காண்பதில்லை.

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலைப் பற்றி எழுதும் மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். வேளாண் பின்னணியிலிருந்து வந்த கவுண்டர் சமூகத் தொழிலாளர்கள் தம் உழைப்பையே மூலதனமாகச் சொல்லி முதலாளிகளான வரலாற்றை ஷரத் சாரி 2004இல் வெளியான தம் நூலில் ஆராய்ந்தார். அதே ஆண்டில் அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் வெளியிட்ட கட்டுரை, அச்சமூகத்தினர் கூடுதல் மூலதனத்தோடு தொழில் தொடங்கினாலும் வெளியிலிருந்து வந்தோரின் ஏற்றுமதியே விரைந்து வளர்ந்தது என்று காட்டியது. இவ்விரண்டையும் கலந்து, ‘சமூக உறவுகள் திருப்பூரின் வளர்ச்சிக்குத் துணைநின்றன’ என்று பெயரின்றி எழுதினால், ஒப்புமை விழுக்காடு சுழியமாகவே இருக்கும். ஆனால் இருவேறு முடிவுகளுக்கு இடையிலான விவாதம் அழிந்து, யாரும் மறுக்கத் தேவையில்லாத பொதுச்செய்தி மட்டுமே எஞ்சும். பெயர் சுட்டாமையால் நேரும் பெரிய இழப்பு இதுவே; மூல ஆசிரியருக்கு நேரும் அநீதி அதற்கு அடுத்தது.

ஆர்கானிக் பருத்தி ஆடையையும் சாதாரண ஆடையையும் கண்ணால் பிரித்தறிய முடியாது என்பதால், கோட்ஸ் (GOTS) எனப்படும் ஆர்கானிக் துணிகளுக்கான தரச்சான்று முறையில் சரக்கு கைமாறும்போது பரிவர்த்தனைச் சான்றிதழ் கேட்கப்படுவதைத் திருப்பூர் நன்கு அறியும். மொழிபெயர்த்த வாக்கியத்துக்கும் அத்தகைய சான்று குறிப்பெடுக்கும்போதே தொடங்க வேண்டும். மூலத்தின் சொற்களை மேற்கோள் குறிக்குள்ளும், தம் சொல்லில் சுருக்கியதைத் தனியாகவும் எழுதி, இரண்டுக்கும் ஆசிரியர், ஆண்டு, பக்க எண் ஆகியவற்றை உடனே பதிந்துகொள்ளும் மாணவருக்குப் பின்னர் எது யாருடையது என்ற குழப்பம் வராது. ஏற்றுமதி அட்டவணை எடுத்தாளப்பட்டால் அதன் அடியிலேயே மூலமும் ஆண்டும் இடம்பெற வேண்டும். நெறியாளரும் மென்பொருள் அறிக்கையோடு நின்றுவிடாமல், ஆய்வேட்டின் முதன்மையான இரண்டு மூன்று வாதங்களையாவது மூலநூல்களோடு வைத்துப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.