இஸுமோ கப்பலின் உருமாற்றம்: மறைத்த நோக்கமா, பிற்காலத் தீர்மானமா?

ஜப்பானின் கடல்சார் தற்காப்புப் படையைச் சேர்ந்த இஸுமோ, காகா என்னும் இரு ஹெலிகாப்டர் தாங்கிகள் போர்விமானங்களை ஏற்கும் கப்பல்களாக மாற்றப்பட்டு வரும் வரலாற்றை எழுதுவோரிற் பலர், அவை தொடக்கத்திலேயே விமானந்தாங்கிகளாகத்தான் உத்தேசிக்கப்பட்டன என்றும், ஹெலிகாப்டர் என்பது அரசியல் சாசனத்தின் போரைத் துறக்கும் ஒன்பதாம் விதிக்கு அஞ்சிப் பூண்ட வேஷமே என்றும் கூறி வருகின்றனர். இவ்வபிப்பிராயத்துக்குப் பெரும் பலம் அளித்தது 2018 பிப்ரவரியில் ஆசாஹி நாளிதழ் வெளியிட்ட செய்தி. வடிவமைப்புக் காலத்தில் பதவியிலிருந்த கடற்படை அதிகாரிகளின் வாக்குமூலத்தை ஆதாரமாகக் கொண்ட அச்செய்தி, மேல்தளத்தையும் விமானக் கூடத்தையும் இணைக்கும் மின்தூக்கிகள் எஃப்-35பி போர்விமானத்தின் அளவை மனத்திற் கொண்டே அமைக்கப்பட்டன என்று தெரிவித்தது. அதனைப் பின்பற்றியோர் அந்த வாக்குமூலத்தைச் சோதித்துப் பாராமலே சித்தாந்தமாக்கிவிட்டனர் என்பது என் கருத்து.

அதிகாரிகள் பொய்யுரைத்தனர் என்று நான் வாதிக்கவில்லை. சிலர் மனத்திலிருந்த விருப்பம் வேறு, அரசின் தீர்மானம் வேறு. முன்னதற்குச் சான்றாவது பின்னதற்குச் சான்றாகிவிடாது. மின்தூக்கியையே எடுத்துக்கொள்வோம். எஃப்-35பி விமானத்தின் நீளம் 15.6 மீட்டர், இறக்கை அகலம் 10.7 மீட்டர். இஸுமோவின் முன்தூக்கி ஏறத்தாழ 20 மீட்டர் நீளமும் 13 மீட்டர் அகலமும் உடையது. ஆகவே விமானம் அதில் தாராளமாக அடங்கும். ஆனால் 2009 இல் படையிற் சேர்ந்த ஹ்யூகா கப்பலின் பின்தூக்கியும் ஏறக்குறைய இதே அளவினதே. அளவு ஒன்றே நோக்கத்துக்குப் பிரமாணமாயின், 197 மீட்டர் நீளமே உள்ள ஹ்யூகாவையும் இரகசிய விமானந்தாங்கிகளின் வரிசையிற் சேர்க்க நேரும். மாற்றத்தைத் தீர்மானித்த 2018 ஆம் ஆண்டுத் திட்டமோ அக்கப்பலைத் தொடவே இல்லை. இஸுமோவின் பின்தூக்கி சுமார் 15 மீட்டர் நீளமே உடையது; குறிப்பிட்ட விமானத்தை அளந்து வைத்துக்கொண்டு வரைந்த சிற்பி அரை மீட்டர் குறைவாக நிறுத்துவானா என்று கேட்கத் தோன்றுகிறது. கப்பலின் விளிம்பில் அமைந்த அத்தூக்கியில் வால் வெளியே நீண்டாலும் இடையூறில்லை என்பதால், இவ்வொரு வாதத்தின் மேல் அதிக பாரம் ஏற்றுவதற்கில்லை.

இதனினும் கனமான சான்று, 2018 ஏப்ரலில் பாதுகாப்பு அமைச்சகம் வெளியிட்ட ஆய்வறிக்கை. இஸுமோவைக் கட்டி முடித்த ஜப்பான் மரைன் யுனைடெட், அமைச்சகத்தின் ஒப்பந்தத்தின் பேரில், அக்கப்பல்களின் விமான இயக்கத் திறனைப் பெருக்குவது குறித்து நடத்திய ஆராய்ச்சி அது. எஃப்-35பி மட்டுமன்றி எம்.க்யூ-8சி, ஆர்.க்யூ-21 என்னும் ஆளில்லா விமானங்களும் அதில் ஆராயப்பட்டன. கப்பல் கட்டும் காலத்திலேயே எல்லாம் தீர்மானிக்கப்பட்டிருந்தால், இஸுமோ படையிற் சேர்ந்து இரண்டாண்டுகள் கழித்து, 2017 இல், அவ்விமானங்களை அது தாங்குமா என்று கப்பல் கட்டுவோரிடமே கேட்க வேண்டிய அவசியம் என்ன? அறிக்கை வெறும் சடங்கு என்று சொல்வோர் உண்டு. எனினும் சடங்குக்காகவேனும் கேள்வி எழுந்தது அக்காலத்தில்தான்.

கப்பலின் உடலே மற்றொரு சாட்சி. மூலவடிவத்தில் இவற்றின் தளம் முன்முனையை நெருங்க நெருங்க இருபுறமும் குறுகிச் சென்றது. 2022 முதல் 2024 வரை குரே துறையில் நடந்த பணியில் காகாவின் முன்முனை செவ்வக வடிவாக அகலப்படுத்தப்பட்டது. காற்றோட்டம் சிதறாமல் விமானம் பத்திரமாக எழவும் இறங்கவும் இம்மாற்றம் அவசியமாயிற்று. வெம்மை தாங்கும் பூச்சும் தளத்தில் முதலிலிருந்தே இருக்கவில்லை. இஸுமோவுக்கு அது 2020-21 இல் யோகோஹாமாவிற் பூசப்பட்ட பின்னரே, 2021 அக்டோபர் 3 அன்று அமெரிக்க மரைன் படையின் எஃப்-35பி அதில் இறங்க முடிந்தது. காகாவில் அவ்விமானம் 2024 அக்டோபரில் கலிபோர்னியக் கடலோரத்தில் இறங்கியது. கூடத்துக்குள் நுழையும்படி மின்தூக்கியை அமைத்து, தளத்தில் இறங்க முடியாதபடி விட்டவர்கள், விமானந்தாங்கியைக் கட்டினார்கள் என்று எங்ஙனம் சொல்வது?

1930 ஆம் ஆண்டு லண்டன் கடற்படைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கைக்குப் பின் ஜப்பான் கட்டிய துணைக்கப்பல்களை இவ்விடத்தில் உவமை காட்டுவது வழக்கம். நீர்மூழ்கிகளுக்குத் துணையாகும் என்ற பெயரிற் கட்டப்பட்டு, பின்னர் ஸுய்ஹோ, ஷோஹோ என விமானந்தாங்கிகளானவை அவை. அங்கே மாற்றும் திட்டம் கட்டுமானத்துக்கு முன்பே வரையப்பட்டிருந்தது. ஏமாற்றப்பட வேண்டியவர் அயல்நாட்டவர். இங்கே தடையாக நின்றது சொந்தச் சாசனம். அதற்கும் 1988 இல் தற்காப்புத் துறைத் தலைவர் கவாரா பாராளுமன்றத்தில் அளித்த விளக்கம் விமானந்தாங்கிகளுள் விலக்கியது தாக்குதலுக்கானவற்றை மட்டுமே. இதே பெயர் பூண்டிருந்த பழைய காகாவின் கதை இன்னும் பொருத்தமானது: போர்க்கப்பலாகத் தொடங்கிய அதனை விமானந்தாங்கியாக்கியது நெடுநாள் சூழ்ச்சியன்று, அம்மாற்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த அமாகி என்னும் கப்பலை 1923 ஆம் ஆண்டு நிலநடுக்கம் சிதைத்ததுதான்.

ஆயினும் இவ்வெண்ணம் எந்த ஆண்டில் முதன்முதலாக முளைத்தது என்று அறுதியிட்டுக் கூற இச்சான்றுகள் போதா. வடிவமைப்புக் காலத்தில் ஓர் இடைவெளி வேண்டுமென்றே விடப்பட்டிருக்கலாம்; அது திட்டமானது 2017 ஐ ஒட்டியும், அரசின் தீர்மானமானது 2018 டிசம்பர் 18 இலும் என்று கொள்வதே பொருந்தும். அத்தீர்மானத்தால் வாங்கப்படும் 42 எஃப்-35பி விமானங்களும் வான்படைக்கே உரியவை. 2025 ஆகஸ்டில் முதலாவன வந்திறங்கியது மியாசாகி மாகாணத்து நியூதபாரு தளத்தில். தனக்கென விமானமின்றி, தேவை நேரும்போது மட்டும் பிற படையின் விமானங்களை ஏற்கும் இக்கப்பல்களை முழுமையான விமானந்தாங்கிகள் என்று இன்றும் கூறுவதற்கில்லை. அங்ஙனமிருக்க, பிறவியிலேயே அவை அவ்வாறிருந்தன என்ற கூற்று நிலைபெறாது.