கோடு தெற்கே நகர்ந்த கதை



போன மாத நிகழ்ச்சி முடிந்ததும் தொலைபேசி எடுத்த ஒரு நேயர் கேட்டார்: "அண்ணை, சல்வீனியும் மெலோனியும் படகில வாற கறுப்பரையும் முஸ்லிம்களையும்தானே பேசுகினம்? எங்களை ஒண்டும் சொல்லேல்லையே. நாங்கள் ஏன் இதுக்குள்ள தலையைக் குடுப்பான்?" போர்கோ வெக்கியோவின் மாலைச் சந்தையிலும் எம்மவர் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். ஒரு கட்சியின் கதையைச் சொன்னால் பதில் அதற்குள் வந்துவிடும்.

இன்று லேகா என்று அழைக்கப்படும் கட்சி 1980களில் வட இத்தாலியில் தலையெடுத்தபோது அதன் வசை முதலில் விழுந்தது சிசிலியர் மீதும் ஏனைய தெற்கத்தியர் மீதும்தான். 1984இல் உம்பெர்த்தோ பொஸ்ஸி தொடங்கிய லொம்பார்டியக் கட்சி, மற்ற வட பிராந்தியக் கட்சிகளுடன் சேர்ந்து லேகா நோர்ட், அதாவது வடக்கு லீக் ஆனது. உழைப்பது வடக்கு, உண்பது உரோமாபுரியும் தெற்கும் என்பது அவர்களின் பேச்சு. தெற்கத்தியரை இழித்துச் சொல்லும் 'தெர்ரோனி' என்ற பழைய சொல் அவர்களின் கூட்டங்களில் தாராளமாகப் புழங்கியது. 1996 செப்டெம்பர் 15இல் வெனிசில் வைத்துப் 'பதானியா' என்ற தனிநாட்டையே பொஸ்ஸி பிரகடனம் செய்தார். ஐரோப்பிய பொது நாணயத்தில் சேர வடக்குக்குத் தகுதி உண்டு, தெற்குத்தான் தடை என்பது அக்காலத்தில் அவர்கள் காட்டிய கணக்கு. அதாவது அவர்களின் ஐரோப்பா போ நதிச் சமவெளியோடு முடிந்துவிட்டது. போர்கோ வெக்கியோவில் எங்களுக்கு வீடு தந்த சிசிலிக்காரரும் வெளியே, வாடகைக்கு இருந்த நாங்களும் வெளியே.

சிசிலியருக்கு இது புதிதும் அல்ல. இந்தத் துறைமுகத்தில் கப்பலேறி அமெரிக்கா போனவர்களை அங்கேயும் அரை வெள்ளையராகத்தான் பார்த்தார்கள். 1891 மார்ச் 14இல் நியூ ஓர்லியன்சில் ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து 11 இத்தாலியரைக் கொன்றது. அவர்களில் பெரும்பாலோர் சிசிலியர்.

2013 டிசெம்பரில் மத்தேயோ சல்வீனி லேகாவின் தலைவரானார். 2009இல் நாப்போலி மக்களை நாற்றம் பிடித்தவர்கள் என்று பாடி ஒளிப்பதிவில் அகப்பட்டவர் இவர். ஆனால் வடக்கு வாக்குகள் மட்டும் போதாது என்று கண்டுகொண்டார். 2015 பெப்ரவரியில் பலெர்மோவுக்கே வந்து தெற்கு மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். 2018 தேர்தலில் கட்சிச் சின்னத்திலிருந்து 'நோர்ட்' காணாமல் போய், 'இத்தாலியர் முதலில்' என்ற முழக்கம் முன்னுக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் சிசிலியில் வாக்களித்தவர்களில் ஐந்தில் ஒருவர் லேகாவுக்குப் போட்டார்கள்! இடையில் சிசிலியர் மாறிவிடவில்லை. போ நதியில் கிடந்த கோட்டைத் தூக்கி, லம்பெதூசாவுக்குத் தெற்கே கடலில் போட்டுவிட்டார்கள்.

கோடு நகர்ந்ததும் ஐரோப்பா என்பதற்குப் புதுப் பொருள் வேண்டியிருந்தது. 2019 மே மாதம் மிலானோவில் ஐரோப்பியத் தீவிர வலதுசாரித் தலைவர்களைக் கூட்டிய மேடையில் சல்வீனி செபமாலையைக் கையில் எடுத்தார். கிறிஸ்தவ ஐரோப்பாவைக் காப்பதாம். அவர் வாக்குக் கேட்ட இந்தப் பலெர்மோவில், ஸீசா மாளிகையில் 1149ஆம் ஆண்டு நினைவுக்கல் ஒன்று இருக்கிறது. ஒரு கிறிஸ்தவ மதகுரு தன் தாய் அன்னாவுக்காக வைத்தது. லத்தீன், கிரேக்கம், அரபு, எபிரேய எழுத்தில் அரபு என்று நான்கு விதமாக எழுதியிருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

எம்மவர் சிலர் நினைக்கிறார்கள்: நாங்கள் சைவரானாலும் கத்தோலிக்கரானாலும் மொந்தே பெல்லெக்ரீனோ மலையேறி சாந்தா ரோசாலியாவைக் கும்பிடுகிறோம், அமைதியாக வீட்டு வேலை செய்கிறோம், ஆகவே கோட்டுக்கு உள்ளே இருக்கிறோம் என்று. 2018 பெப்ரவரி 3இல் மச்செராத்தா நகரில் லேகாவின் முன்னாள் உள்ளூர் வேட்பாளர் ஒருவர் காரில் சுற்றிச் சுற்றி ஆறு ஆபிரிக்கரைச் சுட்டுக் காயப்படுத்தினார். அவர் யாரிடமும் பெர்மெசோவும் கேட்கவில்லை, சமயமும் கேட்கவில்லை. இலங்கையில் 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தபோது, அது தோட்டத்துப் பிரச்சினை என்று இருந்துவிட்டவர்கள் வடக்கில் எத்தனை பேர்? எட்டே ஆண்டில் தனிச் சிங்களச் சட்டம் வந்தது.

இனி என் தொழிலோடு ஒட்டிய ஒன்று. 2002இல் பொஸ்ஸியின் பெயரையும் தாங்கி வந்த சட்டம் எங்கள் வதிவிட அனுமதியை வேலை ஒப்பந்தத்தோடு கட்டிப்போட்டது, விரல் அடையாளமும் கேட்டது. அதே அரசாங்கம் அதே காலத்தில் ஆறு லட்சத்துக்கும் அதிகமானோருக்குப் பத்திரம் கொடுத்தது. 2009இல் லேகாவின் மரோனி உள்துறை அமைச்சராக இருந்தபோது வீட்டுப் பணியாளருக்கும் முதியோரைப் பராமரிப்போருக்கும் மட்டும் கதவு திறந்தது. 2023இல் மெலோனியின் விவசாய அமைச்சர் 'இன மாற்றீடு' நடப்பதாகப் பேசினார். அதே ஆண்டு அதே அரசு, மூன்று ஆண்டுகளுக்கு 4,52,000 வெளிநாட்டுத் தொழிலாளரை எடுப்பதாக வர்த்தமானியில் போட்டது. மேடைப் பேச்சையும் வர்த்தமானியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கை வேண்டும், அந்தக் கைக்கு உரிமை இருக்கக்கூடாது.

உரிமையில்தான் உண்மையான அடி விழுந்தது. சல்வீனி உள்துறை அமைச்சராகக் கொண்டுவந்த 2018ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை விண்ணப்பத்துக்கான காத்திருப்பை நான்கு ஆண்டாக்கியது (2020இல் அதிகபட்சம் மூன்றாகக் குறைத்தார்கள்). விண்ணப்பித்துக் குடியுரிமை பெற்றவர் பயங்கரவாதக் குற்றங்களுக்குத் தண்டிக்கப்பட்டால் அதைப் பறிக்கலாம் என்றும் எழுதினார்கள். பிறப்பால் இத்தாலியரானவர் அதே குற்றத்தைச் செய்தால் அவருக்கு அது இல்லை. இரண்டு வகைக் குடிமக்கள் உண்டு என்று சட்டமே சொல்லிவிட்டது. அதே சட்டம் புகலிடம் கோருவோரைக் குடிப்பதிவில் சேர்ப்பதையும் தடுத்தது. பலெர்மோ மேயர் ஓர்லாண்டோ அதை நடைமுறைப்படுத்த மறுத்தார். 2020இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்றது.

குடியுரிமைக்கான பத்து ஆண்டு வதிவிடத்தை ஐந்தாக்கக் கேட்ட 2025 யூன் வாக்கெடுப்பில் ஏறத்தாழ 30 வீதத்தினரே வாக்களித்ததால் அது செல்லுபடியாகவில்லை. ஆகவே 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்தப் பத்து ஆண்டு விதி அந்த வாக்கெடுப்பால் மாறவில்லை. இங்கே பிறந்து 18 வயதுவரை இடைவிடாது சட்டப்படி வசித்த பிள்ளைகள், 19 வயது நிறையுமுன் மாநகரசபையில் ஓர் அறிவிப்புக் கொடுத்தாலே குடிமகனாகலாம். அந்த ஓராண்டு போனால் வருமானச் சான்று கேட்கும் நீண்ட வழியால்தான் போக வேண்டும். 18 ஆவதற்கு முந்திய ஆறு மாதத்துக்குள் மாநகரசபை கடிதம் அனுப்பியிருக்க வேண்டும், அனுப்பாவிட்டால் பின்னரும் கேட்கலாம். வீடு மாறும்போது குடிப்பதிவை உடனே மாற்றுங்கள். பள்ளிச் சான்றுகளையும் தடுப்பூசி அட்டையையும் எறிந்துவிடாதீர்கள். பதிவில் இடைவெளி விழுந்திருந்தால், பிள்ளை இங்கேதான் இருந்தது என்று காட்ட அவைதான் உதவும்.