கப்பல் வராத நாளின் கூலி

இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை உழைக்கும் மக்களோடு பழகுகையில், ஒரு கேள்வி நம் செவியில் அடிக்கடி விழுவதுண்டு: "இத்தனை ஆண்டு உழைத்தோமே, முதலாளி நம்மை ஓர் ஆளாக மதிக்கிறாரா?" ஆயுத பூசையன்று தந்த இனிப்பு, தீபாவளி போனஸ், மேலாளர் பெயர் சொல்லி அழைத்த ஒரு நாள் ஆகியவற்றைக் கொண்டே பலரும் அம்மதிப்பை எடைபோடுகின்றனர். இவை பொய் அளவுகோல்கள் அல்ல. எனினும் போதுமானவையும் அல்ல. துறைமுக வரலாறு நமக்கு வேறோர் அளவுகோலைத் தருகின்றது.

துறைமுகத்தில் வேலை என்பது கப்பலைப் பொறுத்தது. கப்பல் வந்தால் ஆயிரம் கைகள் வேண்டும்; வராவிட்டால் ஒரு கையும் வேண்டாம். ஆகவே உலகெங்கும் துறைமுகத் தொழிலாளி அன்றாடங்காய்ச்சியாகவே வாழ்ந்தான். விடியலில் வாயிலருகே கூட்டம் நிற்கும்; அழைக்கப்பட்டவன் உள்ளே செல்வான், மற்றவன் வெறுங்கையோடு வீடு திரும்புவான்.

1889-ஆம் ஆண்டு இலண்டன் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். மணிக்கு ஆறு பென்ஸ் கூலி கேட்டனர். அதோடு, அழைத்த ஆளுக்குக் குறைந்தது நான்கு மணி நேரக் கூலியாவது தரவேண்டும் என்றும் கேட்டனர். ஒரு மணி நேரம் வேலை வாங்கித் துரத்திவிடும் வழக்கம் அன்று இருந்தது. எண்பத்தொரு வயதான கர்தினால் மானிங் இரு தரப்பாரிடமும் தூது சென்று சமரசம் கண்டார். இரண்டே ஆண்டுகளில், 1891-இல், திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளரைப் பற்றிய தம் சுற்றுமடலை வெளியிட்டார். தொழிலாளி பேசி ஒப்புக்கொண்ட கூலியேயாயினும், அது அவன் எளிய வாழ்வுக்குப் போதாதாயின் நீதியாகாது என்பது அதன் போதனை.

நம் நாட்டிலோ, துறைமுகத் தொழிலாளரைப் பதிவு செய்து அவர்தம் நிலையற்ற வாழ்வைச் சீர்செய்ய வேண்டுமென்று 1931-இல் விட்லி ஆணையம் பரிந்துரைத்தது. 1948-இல் சட்டம் பிறந்தது. 1956-இல் சென்னைத் துறைமுகத்துக்கென ஒரு திட்டம் வந்தது. கப்பலில் சரக்கேற்றி இறக்கும் தொழிலாளர் பெயர்கள் பதிவாயின; சுழற்சி முறையில் வேலை கிடைத்தது. இத்தகைய திட்டங்களின் உயிர்நாடி வேறொன்று: வேலைக்கென வந்து நின்றும் வேலை கிடைக்காதவனுக்கு வருகைப்படி உண்டு. கப்பல் வராதது அவன் குற்றமன்று என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டது.

காலம் மாறிற்று. 1983-இல் சென்னையில் சரக்குப் பெட்டக முனையம் எழுந்தது. நூறு தோள்கள் சுமந்ததை ஒரு பளுதூக்கி தூக்கியது. பெருந்துறைமுகங்களில் அப்பழைய ஏற்பாட்டை முடிவுக்குக் கொண்டுவர 1997-இல் சட்டம் வழி திறந்தது. இன்று இவ்வட்டாரத்தில் ஒப்பந்தக்காரரின் கீழ் உழைப்போர் பலர். வேலையற்ற நாளில் இவர்களைப் பற்றிக் கேட்பார் யார்?

எனவே முதலாளி நம்மை எவ்வளவு மதிக்கிறார் என்று அறிய விரும்புவோர், அவருக்கு நாம் தேவைப்படும் நாளைப் பார்த்தல் போதாது. தேவைப்படாத நாளைப் பார்க்க வேண்டும். நோயில் படுத்த வாரத்திலும், இயந்திரம் நின்ற மாதத்திலும், ஓய்வு பெற்ற மறுநாளிலும் அவர் நடந்துகொள்ளும் விதமே உண்மை மதிப்பைச் சொல்லும். திராட்சைத் தோட்ட உவமையில் ஆண்டவர் காட்டும் உரிமையாளர், மாலைவரை எவரும் அழைக்காததால் சும்மா நின்றவனுக்கும் முழு நாள் கூலி தந்தார். அழைக்கப்படாதவனுக்கும் அந்தியில் பசிக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இவ்வளவுகோலைப் பிறர்மீது மட்டும் வைப்பது முறையாகாது. நம் இல்லத்தில் பாத்திரம் துலக்கும் சகோதரிக்கும் நாமே முதலாளிகள். நாம் வேளாங்கண்ணிக்குச் சென்ற அந்தப் பத்து நாள் சம்பளத்தைப் பிடித்தோமா, கொடுத்தோமா? அவரும் தம் வீட்டில் நம் மதிப்பீட்டை எடைபோட்டுக்கொண்டிருப்பார்.