பத்துப் பேருக்கு அனுப்பவும்!

தபால்காரர் எங்கள் நடுவட்டம் லைன் வீடுகள் பக்கம் திரும்பினாலே பாட்டி வாசலுக்கு வந்துவிடுவார். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. அப்படி வந்தவர்களுக்காக அரசு 1968-ல் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. இன்றைய டான்டீ அதன் வளர்ச்சிதான். அக்கரையில் தங்கிவிட்ட சொந்தங்களின் நல்லது கெட்டது எங்களுக்குக் கடிதத்தில்தான் வரும்.

எனக்கு எட்டு வயதிருக்கும். ஒரு நாள் பெயரில்லாத அஞ்சலட்டை ஒன்று வந்தது. சாமி பெயரைச் சொல்லி, இதைப் பத்துப் பேருக்கு எழுதினால் செல்வம் சேரும், கிழித்துப் போட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்றிருந்தது. “எதுக்கு வம்பு, எழுதிடுப்பா” என்றார் பாட்டி. “பத்து கார்டுக்கு யாரு காசு குடுப்பா?” என்று அப்பா முணுமுணுத்தார். நான் உட்கார்ந்து எழுதினேன்.

அதில் ஒன்று அடுத்த லைனிலிருந்த அக்காவுக்குப் போனது. அவர் பிள்ளைக்கு அப்போது கடும் காய்ச்சல். அழுதுகொண்டே எங்கள் வீட்டுக்கே வந்தார்: “தம்பி, எனக்கும் பத்து எழுதிக் குடுப்பா.” அது என் கையெழுத்து என்று அவருக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

இந்தச் சங்கிலி நம் ஊருக்கு மட்டும் சொந்தமல்ல. 1935-ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ‘பத்து சென்ட் அனுப்பு’ என்ற கடிதம் கிளம்பியது. பட்டியலில் ஆறு பெயர்கள். முதல் பெயருக்குக் காசு அனுப்பிவிட்டு, ஐந்து பிரதி எழுத வேண்டும். சங்கிலி அறுபடாவிட்டால் 15,625 பேரிடமிருந்து காசு வரும் என்பது கணக்கு. வந்ததென்னவோ தபால் நிலையம் திணறுமளவுக்குக் கடிதங்கள்தான்! கணக்கு எங்கே உதைக்கிறது? ஆளுக்குப் பத்துப் பேர் என்றால் பத்தாவது சுற்றில் 1,000 கோடிப் பேர் வேண்டும். உலகத்திலேயே அத்தனை பேர் கிடையாது.

கம்ப்யூட்டர் வந்ததும் எழுதுகிற வேலையும் மிச்சமாயிற்று. 1987 டிசம்பரில் ஜெர்மனியில் ஒரு மாணவர் எழுதிய நிரல், திரையில் கிறிஸ்துமஸ் மரம் வரைந்துவிட்டு, முகவரிப் பட்டியலில் இருந்த அனைவருக்கும் தன்னையே அனுப்பிக்கொண்டது. ஐ.பி.எம். வலையமைப்பே தத்தளித்தது. 1994 இறுதியில் ‘குட் டைம்ஸ்’ என்ற வைரஸ் வருகிறது, எல்லாரையும் எச்சரியுங்கள் என்று ஈ-மெயில் பறந்தது. அப்படி ஒரு வைரஸே இல்லை. எச்சரிக்கைதான் வைரஸ் போலப் பரவியது. 1995 அக்டோபரில் வெளியான இணைய நாகரிக விதிகள், சங்கிலிக் கடிதம் அனுப்பவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லின. நம் கல்லூரி கணிப்பொறிக் கூடத்தில் அதை யார் படித்தோம்? ‘அனுப்பாவிட்டால் உங்கள் மெயில் கணக்கு மூடப்படும்’ என்று வந்ததை ஐம்பது முகவரிகளும் வெளியே தெரிய அப்படியே தள்ளிவிட்டவர்களில் நானும் ஒருவன்.

2018-ல் குழந்தை கடத்தும் கும்பல் இறங்கியிருப்பதாக வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று நம் வகுப்புக் குழுவில் போட்டேன். அந்த மே 9-ஆம் தேதி திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், சென்னையிலிருந்து குலதெய்வம் கும்பிட வந்த குடும்பம் வழி கேட்கக் காரை நிறுத்தியது. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததைக் கண்டு சந்தேகப்பட்டு, கூட்டம் சூழ்ந்து அடித்தது. 65 வயது மூதாட்டி இறந்துபோனார். அந்த ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி மாற்றியது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவைக்கு ஓரிடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கியது.

நான் அனுப்பியது அத்திமூர் போய்ச் சேர்ந்ததா? தெரியாது. அக்காவுக்கும்தான் என் கார்டு யாருடையது என்று தெரியாது.

மாணவத் தம்பி தங்கைகளே, அஞ்சலட்டைக் காலத்தில் காசும் கைவலியும் நம்மைக் கொஞ்சம் யோசிக்க வைத்தன. இப்போது அந்த வேலையை நாமேதான் செய்ய வேண்டும். முதலில் யார் சொன்னது என்று தெரியாவிட்டால் அனுப்பாதீர்கள். பிறர் முகவரிகளை ஊருக்குக் காட்டாதீர்கள். தவறாக அனுப்பிவிட்டால், அனுப்பிய இடத்திலேயே தவறு என்று சொல்லுங்கள். நானும் வகுப்புக் குழுவில் அப்படி எழுதினேன். அதை மட்டும் யாரும் பத்துப் பேருக்கு அனுப்பவில்லை!