பாலையும் பாலைவனமும்: வளைகுடாவில் காதலின் மொழி

ரியாத் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தொலைவில், அஃப்லாஜ் பகுதியில், லைலா என்றொரு ஊர் இருக்கிறது. லைலா-மஜ்னூன் கதையின் நாயகி வாழ்ந்த மண் இதுதான் என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. பாரசீகக் கவிஞர் நிஜாமி 12ஆம் நூற்றாண்டில் காவியமாக்கியதால் உலகறிந்த இக்கதையின் வேர், 7ஆம் நூற்றாண்டு அரேபியக் குடிகளிடம் இருக்கிறது. கைஸ் செய்த பிழை காதலித்தது அல்ல. லைலாவின் பெயரைச் சொல்லிப் பாட்டுக் கட்டியது. பெண்ணின் பெயர் ஊர்வாயில் விழுந்தபின் அவளை அவனுக்கே மணமுடித்துக் கொடுப்பது குடிக்கு இழுக்கு. தந்தை மறுத்தார். கைஸ் பித்தனானான், மஜ்னூன் என்றால் பித்தன்.

தமிழருக்கு இது அந்நியமான சங்கதி அல்ல. அகப்பாட்டில் காதலரின் பெயரைச் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. ஆனால் ஊர்ப்பேச்சுக்கு 'அலர்' என்று பெயர் வைத்த எமது புலவர்கள், அதையே திருமணத்தை விரைவுபடுத்தும் காரணமாகவும் ஆக்கிக்கொண்டார்கள். அங்கே அலர் திருமணத்தைக் கெடுத்தது.

பிரிவைப் பாடுவதிலும் இப்படியொரு வேறுபாடு உண்டு. இஸ்லாத்துக்கு முந்திய அரபுக் கசீதாக்களில், இம்ருல் கைஸ் போன்றோர், காதலியின் கூட்டம் கூடாரத்தைப் பிடுங்கிச் சென்ற வெற்றிடத்தில் நின்று அழுவதிலிருந்தே தொடங்குவார்கள். அழுபவன் ஆண், போனவள் பெண். தமிழ்ப் பாலைத்திணையில் பெரும்பாலும் அவன் பொருள் தேடிப் போகிறான், அவள் வாடுகிறாள். அகநானூற்றின் 400 பாடல்களில் ஒற்றை எண் பெற்ற 200 பாடல்களும் பாலை. கடல்கடந்து போகையில் மனைவியை அழைத்துச் செல்லும் வழக்கமில்லை என்றும் தொல்காப்பியம் சொல்கிறது. இன்று அதை விசாச் சட்டம் சொல்கிறது: ஐக்கிய அரபு அமீரகத்தில் குடும்பத்தை அழைக்க மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் வேண்டும். கட்டடத் தொழிலாளிக்கு இது எட்டாக்கனி.

வளைகுடாவின் கரையோர மக்களுக்கும் பொருள்வயிற் பிரிவு தெரியும். 1930களில் யப்பானின் வளர்ப்பு முத்து அவர்களுடைய தொழிலை விழுத்தும்வரை, கோடையில் ஏறத்தாழ நான்கு மாதம் ஆண்கள் முத்துக் குளிக்கக் கடலில் இருந்தார்கள். (அரபுக் குளியாளிகள் எமது மன்னார்க் கடலுக்கும் வந்திருக்கிறார்கள்.) கரையில் நின்ற பெண்கள் கடலையே பார்த்து, பாவமன்னிப்புக் கேள், எங்கள் ஆண்களைத் திருப்பித் தா என்று பாடினார்கள். குவைத்தின் முதல் முழுநீளப் படமான 'பஸ் யா பஹர்' (1972) இந்த வாழ்க்கையைத்தான் காட்டுகிறது. காதலித்தவளை மணக்கப் பணம் தேவைப்பட்டு ஓர் இளைஞன் கடலுக்குப் போகிறான். அங்கே மஹர் என்பது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுப்பது. சீதனம் கொடுத்தே பழகிய யாழ்ப்பாணத்தார் இதைச் சற்று யோசிக்கலாம்.

பெண்கள் காதலைப் பாடியதும் உண்டு. அல் ஐனில் 1920இல் பிறந்த ஊஷா பின்த் கலீஃபா அல் சுவைதி, நபதி எனப்படும் பேச்சுமொழிக் கவிதையில் காதலை எழுதிப் புகழடைந்தார். 'வளைகுடாவின் பெண்' என்றும் பின்னர் 'அரபுலகின் பெண்' என்றும் அழைக்கப்பட்ட அவர் 2018இல் மறைந்தார்.

எண்ணெய்க் காலத்தின் பாலைப்பாட்டை முதலில் பாடியவர்கள் மலையாளிகள். 1970களின் பிற்பகுதியில் எஸ். ஏ. ஜமீல் பாடிய 'துபாய்க் கத்துப் பாட்டு', வளைகுடாவிலுள்ள கணவனுக்கு இளம் மனைவி எழுதும் கடிதம். காசு வருகிறது, இளமை போகிறது என்று அவள் நேரடியாகவே கேட்கிறாள். கணவனின் மறுகடிதத்தையும் ஜமீலே பாட்டாக்கினார். கடிதத்தோடு குரல் பதிந்த கசெற்றும் ஊருக்குப் போய்வந்த காலம் அது.

எமது கதை இதிலும் தலைகீழ். 1990களில் இலங்கையிலிருந்து மத்தியகிழக்குக்கு வேலைக்குப் போனோரில் பெரும்பாலோர் பெண்கள், அதுவும் வீட்டுப் பணிப்பெண்கள். பொருள்வயிற் பிரிந்தவள் தலைவி. பிள்ளைகளோடு ஊரில் காத்திருந்தவன் தலைவன். தொல்காப்பியம் எண்ணிப்பாராத பாலை இது. குவைத்தின் சமையலறையில் நள்ளிரவில் பாத்திரம் கழுவி முடித்து ஒருத்தி தன் கணவனுக்கு எழுதியதையோ, அவன் பதில் எழுதியதையோ பாடும் ஒரு தமிழ்ப் பாட்டை நான் இன்னும் கேட்கவில்லை. அந்தக் கடிதங்களில் சில இப்போதும் எம்மவர் வீட்டு அலுமாரிகளில் இருக்கக்கூடும்.