பாட்டு எப்போது வாக்குமூலமாகிறது? அமெரிக்க நீதிமன்றங்களில் ராப் இசையும் கற்பனையின் உரிமையும்

முன்னுரை

வெகுமக்கள் பண்பாடு சமூகத்தை எப்படி மாற்றுகிறது என்ற விவாதம் அமெரிக்காவில் பெரும்பாலும் ஒரே திசையில் நடந்து வந்திருக்கிறது. வன்முறைப் பாட்டைக் கேட்கும் பிள்ளை வன்முறையில் இறங்குமா என்பதே அந்நாட்டுப் பெற்றோரும் அரசியலாளரும் உளவியலாளரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி. 1985இல் செனட் குழு பாடல் வரிகளைப் பற்றி விசாரணை நடத்தியதும், இசைத்தட்டு உறைகளில் பெற்றோருக்கான எச்சரிக்கை முத்திரை இடம்பெற்றதும் அந்தக் கவலையின் விளைவுகள். கேட்பவரைப் பற்றிய கவலை மிகுந்ததால் படைப்பவரைப் பற்றிய கேள்வி பின்தங்கிவிட்டது. ஒரு கலைவடிவம் தன்னைப் படைக்கும் மக்களைப் பற்றி நாட்டின் மனத்தில் எத்தகைய சித்திரத்தைப் பதிக்கிறது? அரசின் தண்டிக்கும் அதிகாரம் அந்தச் சித்திரத்தை நம்பிச் செயல்படும்போது என்ன நேர்கிறது?

ராப் பாடல் வரிகள் குற்றவியல் வழக்குகளில் சாட்சியமாக்கப்படுவதை முன்வைத்து இக்கேள்விகளை இக்கட்டுரை ஆராய்கிறது. எரிக் நீல்சன், ஆண்ட்ரியா டென்னிஸ் ஆகியோர் 2019இல் வெளியிட்ட நூல், இத்தகைய வழக்குகள் ஏறத்தாழ 500 இருப்பதை எடுத்துக்காட்டியது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். கற்பனை செய்யும் உரிமை அமெரிக்காவில் எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். பாடுபவரையும் பாட்டின் பாத்திரத்தையும் ஒன்றாக்கி இசைச் சந்தை லாபம் பார்க்கிறது. அதே கலப்பைக் கொண்டு அரசுத் தரப்பு தண்டனை பெற்றுத் தருகிறது. இரண்டுக்கும் நடுவில் அகப்படுபவர் ஏழைக் கறுப்பின இளைஞர்.

பிராங்க்ஸிலிருந்து நாடு முழுவதற்கும்

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் குடியிருப்பில், 1973 ஆகஸ்ட் 11 அன்று டி.ஜே. கூல் ஹெர்க் இசையளித்த விருந்தை, ராப் கிளைத்த ஹிப்-ஹாப் பண்பாட்டின் பிறப்பாகக் கொள்வது வழக்கம். நெடுஞ்சாலைத் திட்டங்களால் குடியிருப்புகள் பிளவுண்டு, ஆலைகள் வெளியேறி, வீடுகள் தீக்கிரையாகிக்கொண்டிருந்த காலம் அது. அரசு கைவிட்ட பகுதியின் பிள்ளைகள் தங்களிடமிருந்த இசைத்தட்டுகளையும் ஒலிபெருக்கிகளையும் கொண்டே ஒரு கலையை உண்டாக்கினார்கள். 1982இல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழு வெளியிட்ட ‘தி மெசேஜ்’ அப்பகுதியின் வறுமையைப் பாட்டாக்கியது. இருபது ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அதைச் சேர்த்தது.

1988இல் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தின் என்.டபிள்யூ.ஏ. குழு ‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்’ தொகுப்பை வெளியிட்டபோது அரசின் எதிர்வினை வேறாக இருந்தது. காவல்துறையின் கொடுமையைச் சாடிய ஒரு பாடலைக் கண்டித்து, எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் 1989இல் இசைத்தட்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். இரண்டு ஆண்டுகளுக்குள் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைக் காவலர்கள் அடித்து நொறுக்கியது ஒளிப்பதிவாக நாட்டின் முன் வந்தது. 1992இல் அக்காவலர்கள் விடுவிக்கப்பட்டதும் வெடித்த கலவரத்தில் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எஃப்.பி.ஐ. கண்டித்த அந்தப் பாடல் ஒரு சமூகத்தின் புகாராகவும் இருந்தது. புகாரை விசாரிக்க வேண்டியவர்கள் அதை மிரட்டலாகவே கேட்டார்கள்.

நிஜம் என்னும் சரக்கு

1991 மே மாதம், இசைத்தொகுப்பு விற்பனைக்கான பில்போர்டு தரவரிசை, கடைக்காரர்களின் மதிப்பீட்டைக் கைவிட்டு, சவுண்ட்ஸ்கேன் முறையில் பட்டைக்குறி வழியாக உண்மையான விற்பனையைக் கணக்கிடத் தொடங்கியது. அடுத்த மாதமே என்.டபிள்யூ.ஏ.வின் புதிய தொகுப்பு முதலிடத்துக்கு வந்தது. கறுப்பினக் குடியிருப்புகளுக்கு வெளியே, புறநகர்ப் பேரங்காடிகளில் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்பதை இசைத்தொழில் அப்போதுதான் உணர்ந்தது. அவர்களிடம் விற்கப்பட்டது இசை மட்டுமல்ல. தாங்கள் ஒருபோதும் கால்வைக்காத தெருக்களின் ‘நிஜ வாழ்க்கை’ என்ற உத்தரவாதமும் சேர்த்தே விற்கப்பட்டது.

உண்மையில் ராப் மிகவும் மரபார்ந்த கலை. புனைபெயர் சூடுவது, வீறாப்புப் பேசுவது, எதிராளியை வசைபாடித் தோற்கடிப்பது ஆகியவை ஆப்பிரிக்க அமெரிக்க வாய்மொழி மரபில் ஆழ வேரூன்றியவை. 1895இல் செயின்ட் லூயிஸில் நடந்த ஒரு கொலையிலிருந்து கிளைத்த ஸ்டேகோலீ கதைப்பாடல், அடங்காத வீரனொருவனைத் தலைமுறை தலைமுறையாகப் பாடவைத்தது. இந்த மரபில் மிகைப்படுத்துவது திறமையின் அளவுகோல். சந்தையோ மிகையை உண்மை என்று முத்திரையிட்டு விற்றது. ‘இதெல்லாம் நான் வாழ்ந்த வாழ்க்கை’ என்று சொல்லத் தயங்கும் பாடகருக்கு ஒப்பந்தம் கிடைப்பது அரிதாயிற்று.

சிகாகோவின் ட்ரில் என்னும் ராப் வகைக் கலைஞர்களோடு பழகி, சமூகவியலாளர் ஃபாரஸ்ட் ஸ்டூவர்ட் 2020இல் எழுதிய ஆய்வுநூல் இந்த நெருக்கடியின் இணையக் காலத்து வடிவத்தைக் காட்டுகிறது. வேலைவாய்ப்பு வற்றிய பகுதி இளைஞர்கள், பார்வையாளரை ஈர்த்துப் பிழைப்புக்கு வழிதேட, தங்கள் வன்முறையைப் பெரிதாக்கிக் காட்டுகிறார்கள். எதிர்க்குழுவும் காவல்துறையும் அதை அப்படியே நம்புகின்றன. சந்தை கேட்கும் அடையாளத்தை அணிந்துகொள்பவர் அதற்கான விலையையும் தானே கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஜூரியின் முன் வாசிக்கப்படும் பாட்டு

சங்கப் பாடலில் தலைவி கூற்றாக ஆண்புலவர் பாடியதை அவருடைய சொந்த வாழ்க்கைக் குறிப்பாக நாம் கொள்வதில்லை. பாடும் குரலுக்கும் பாடியவருக்கும் இடையிலான இந்த வேறுபாட்டை அமெரிக்கச் சமூகமும் அறியும். சிறைவாசியின் குரலில் கொலையைச் சொல்லும் பாடலை வெள்ளையின கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் 1955இல் பதிவுசெய்தார். அதற்காக எந்தக் காவலரும் அவரைத் தேடி வரவில்லை. ராப் என்று வரும்போது இந்த அறிவு நீதிமன்ற வாசலில் நின்றுவிடுகிறது.

லூசியானாவைச் சேர்ந்த மெக்கின்லி ஃபிப்ஸ், ‘மேக்’ என்ற பெயரில் அறியப்பட்ட ராப் கலைஞர். 2000இல் ஓர் இரவு விடுதியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்த வழக்கில் அவர் குற்றம் சாட்டப்பட்டார். தானே சுட்டதாக வேறொருவர் காவல்துறையிடம் ஒப்புக்கொண்டிருந்தார். ஃபிப்ஸ் மீது முன்குற்றம் எதுவும் இல்லை. அரசு வழக்கறிஞர் அவருடைய இரண்டு வெவ்வேறு பாடல்களிலிருந்து சொற்களை எடுத்து ஒட்டி, ஜூரியின் முன் ஒரே கூற்றாக வாசித்தார். அவற்றுள் ஒன்று வியட்நாம் போரில் ஈடுபட்ட தந்தையைப் பற்றிய பாடல். 2001இல், ஜூரியில் 2 பேர் உடன்படாத நிலையிலும், அவருக்கு 30 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. 2021இல்தான் அவர் பரோலில் வெளியே வந்தார்.

நியூ ஜெர்சியின் ஸ்கின்னர் வழக்கில், கொலை முயற்சிக் குற்றம் சாட்டப்பட்டவரின் குறிப்பேடுகளிலிருந்து 13 பக்கப் பாடல் வரிகள் ஜூரிக்கு வாசித்துக் காட்டப்பட்டன. அவற்றுள் பல, சம்பவத்துக்குச் சில ஆண்டுகள் முன்பே எழுதப்பட்டவை. 2014இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனை செல்லாது என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தன் பாடலில் வருவதுபோல் பாப் மார்லி ஷெரீஃபைச் சுட்டதாகவோ, தன் கதையில் வருவதுபோல் எட்கர் ஆலன் போ ஒருவரைக் கொன்று தரைப்பலகைக்கு அடியில் புதைத்ததாகவோ யாரும் கருதுவதில்லை என்று தீர்ப்பு சுட்டிக்காட்டியது.

அமெரிக்கச் சாட்சிய விதிகள் கூட்டாட்சி அளவிலேயே இரண்டு காப்புகளை வைத்துள்ளன. ஒருவரின் குணத்தைக் காட்டி, அதனால் அவர் குற்றம் செய்திருப்பார் என்று நிறுவக் கூடாது. நியாயமற்ற வெறுப்பைத் தூண்டும் ஆபத்து, ஒரு சாட்சியத்தின் பயனைவிட வெகுவாக மிகுந்திருந்தால் நீதிபதி அதை விலக்கலாம். பாட்டை ‘நோக்கம்’, ‘அறிவு’, ‘ஒப்புதல்’ என்ற பெயர்களில் கொண்டுவரும்போது இக்காப்புகள் எளிதில் உடைகின்றன. அனுமதிப்பதும் விலக்குவதும் நீதிபதியின் விருப்புரிமையாக இருப்பதால், அந்த இசை அவருக்கு எவ்வளவு அந்நியமானது என்பதும் தீர்ப்பில் கலந்துவிடுகிறது.

ஒரே வரிகள், இரு வேறு செவிகள்

இந்த அந்நியத்தன்மையை உளவியல் ஆய்வுகள் அளந்து காட்டியுள்ளன. கேரி ஃபிரைட் 1996இல் வெளியிட்ட ஆய்வில், காவலர் ஒருவரைக் கொல்வதைப் பற்றிய பழைய நாட்டுப்பாடல் வரிகளை மக்களிடம் படிக்கக் கொடுத்தார். கிங்ஸ்டன் டிரையோ என்ற வெள்ளையர் குழு 1960இல் பாடியது அது. ராப் என்று சொல்லிக் கொடுக்கப்பட்டவர்கள் அவ்வரிகளை ஆபத்தானவை, கட்டுப்படுத்தப்பட வேண்டியவை என்றனர். கன்ட்ரி இசை என்று நம்பியவர்களுக்கு அவ்வளவு அச்சம் எழவில்லை. 2016இல் ஆடம் டன்பரும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய சோதனையிலும் அதே போக்கு தென்பட்டது. ஸ்டூவர்ட் ஃபிஷாஃப் 1999இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கலங்க வைப்பது: கறுப்பின இளைஞர் ஒருவர் கொலைக்குற்றம் சாட்டப்பட்டவர் என்ற தகவலைவிட, அவர் எழுதிய ராப் வரிகளே அவரைப் பற்றிய எண்ணத்தை அதிகம் கெடுத்தன.

சொற்கள் மாறவில்லை, சொல்பவர் யார் என்ற ஊகம் மட்டுமே மாறியது. ஆகவே ஜூரி எடைபோடுவது பாடலின் பொருளை அல்ல, கறுப்பின ஆண்மையைப் பற்றி அப்பண்பாடு முன்பே எழுதி வைத்திருக்கும் அச்சத்தை. அந்த அச்சத்தைச் சந்தையும் வளர்த்தது என்பதை மறக்கலாகாது.

எதிர்வாதங்கள்

இரண்டு மறுப்புகளுக்கு நேர்மையாக விடை சொல்ல வேண்டும். முதலாவது, சில பாடல்கள் உண்மையிலேயே குற்றத்தின் பதிவாக இருக்கலாமே என்பது. இருக்கலாம். காவல்துறைக்கு மட்டும் தெரிந்த விவரம் ஒரு வரியில் இருந்தால் அதை விசாரிப்பது நியாயம். கலைக்கு முழு விலக்கு தர வேண்டும் என்று இக்கட்டுரை கோரவில்லை. குறிப்பிட்ட குற்றத்தோடு குறிப்பிட்ட தொடர்பைக் காட்டும் பொறுப்பு அரசுத் தரப்புடையது என்பதே கோரிக்கை.

இரண்டாவது மறுப்பு கறுப்பினச் சமூகத்துக்குள்ளிருந்தே வருவது. பெண்களை இழிவுபடுத்தும் வரிகளைக் கண்டித்து 1990களில் சமூகச் செயற்பாட்டாளர் சி. டெலோரஸ் டக்கர் இயக்கம் நடத்தினார். அவர் கோபம் நியாயமானது; அத்தகைய வரிகள் கேடு விளைவிக்கவில்லை என்று சொல்ல முடியாது. அதே காலத்தில் கறுப்பினப் பெண்ணியச் சிந்தனையாளர் பெல் ஹுக்ஸ் இன்னும் ஆழமாகச் சென்றார். இப்பெண்வெறுப்பு ஆதிக்கப் பண்பாட்டின் மதிப்பீடுகளிலிருந்தே பிறக்கிறது, பழியைக் கறுப்பின இளைஞர்மீது மட்டும் சுமத்துவது அந்த ஆதிக்கத்தைத் தப்பவிடுகிறது என்றார். கண்டனம் பண்பாட்டின் வேலை. சிறை அந்த வேலையைச் செய்யாது. கண்டிக்கத்தக்க ஒரு வரியைக் காட்டி, செய்யாத கொலைக்குத் தண்டிப்பதால் எந்தப் பெண்ணும் பாதுகாப்புப் பெறுவதில்லை.

சட்டத் திருத்தமும் அதன் எல்லையும்

மரபை எடுத்துச் சொன்னால் ஜூரி புரிந்துகொள்ளும் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. 1990இல் புளோரிடாவில் 2 லைவ் க்ரூ என்ற ராப் குழுவினர் மேடையில் ஆபாசமாகப் பாடியதாக வழக்குத் தொடரப்பட்டது. இலக்கிய அறிஞர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் சாட்சிக் கூண்டில் நின்று, கறுப்பின வாய்மொழி மரபின் கேலியையும் மிகையையும் விளக்கினார். ஜூரி அவர்களை விடுவித்தது.

கலிபோர்னியா 2022இல் இந்தப் பாடத்தைச் சட்டமாக்கியது. படைப்பைச் சாட்சியமாக ஏற்குமுன் அதன் கலைமரபையும் இனச்சார்பு எழும் ஆபத்தையும் நீதிபதி எடைபோட வேண்டும். குற்றத்தோடு நெருங்கிய தொடர்பு இல்லாத படைப்புக்குச் சான்றுமதிப்பு மிகக் குறைவு என்று கொள்ள வேண்டும். அதே ஆண்டு இதே நோக்கத்தோடு நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்ட கூட்டாட்சி மசோதா நிறைவேறவில்லை.

பிற மாநிலங்களில் நிலைமை எப்படி என்பதை ஜார்ஜியா காட்டியது. 2022 மே மாதம் ராப் கலைஞர் யங் தக் உள்ளிட்ட 28 பேர் மீது கும்பல் குற்றச்சாட்டு பதிவாயிற்று. துப்பாக்கி வன்முறையைச் சாடிய ‘திஸ் இஸ் அமெரிக்கா’ பாடலை எழுதியவர்களுள் ஒருவராக 2019இல் கிராமி விருது பெற்றவர் யங் தக். 2023இல் நீதிபதி 17 பாடல் பகுதிகளை நிபந்தனையோடு அனுமதித்தார். மாநில வரலாற்றிலேயே நீண்ட விசாரணை அது. 2024 அக்டோபரில் அவர் சில குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டு, 15 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்போடு வெளியே வந்தார்.

பாடல்கள் மட்டுமே அந்த ஒப்புதலுக்குக் காரணம் என்று சொல்ல இயலாது. எனினும் பாட்டுச் சாட்சியத்தின் வலிமை ஜூரியின் முன் மட்டும் வெளிப்படுவதல்ல என்பதை அது நினைவூட்டுகிறது. கூட்டாட்சி நீதிமன்றத் தண்டனைகளில் 97 விழுக்காடும் மாநில நீதிமன்றத் தண்டனைகளில் 94 விழுக்காடும் குற்ற ஒப்புதலால் விளைவதாக அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2012இல் குறிப்பிட்டது. தன் பாட்டு ஜூரியின் முன் வாசிக்கப்படும் என்று அறிந்த ஏழை இளைஞர், நிரபராதியாயினும், பேரத்துக்கு இணங்கக்கூடும். அந்த அநீதி எந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பிலும் பதிவாவதில்லை.

முடிவுரை

2018இல் ராப் கலைஞர் கென்ட்ரிக் லமாருக்கு இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. நாட்டின் உயரிய இசைப்பரிசைப் பெறும் கலை, அதே நாட்டின் நீதிமன்றத்தில் குற்றக் குறிப்பேடாகிறது. இதை முரண்பாடு என்று சொல்லி நகர்ந்துவிடக் கூடாது; அதிகாரம் இப்படித்தான் பங்கிடப்படுகிறது. புகழ் பெற்ற ஒருசிலருக்குக் கலைஞர் என்ற தகுதி கிடைக்கிறது. பெயர் தெரியாதவர்களின் குறிப்பேடுகள் சாட்சியப் பொருளாகின்றன.

துப்பாக்கிச் சாவுகள் அமெரிக்காவின் உண்மையான துயரம். அதன் வேர்கள் வறுமையிலும் இனப்பிரிவினையிலும் எளிதில் கிடைக்கும் ஆயுதங்களிலும் உள்ளன. பாட்டைக் கூண்டில் ஏற்றும்போது அந்த வேர்கள் விசாரணையிலிருந்து தப்பிவிடுகின்றன. ஆகவே கலிபோர்னியாவின் சட்டம் நாடு முழுவதற்கும் விரிய வேண்டும். பாட்டு சாட்சியமாகும் ஒவ்வொரு வழக்கிலும் அம்மரபை அறிந்த நிபுணரைப் பிரதிவாதிக்கு அரசு செலவில் அமர்த்தித் தர வேண்டும். ‘நிஜம்’ விற்றுப் பொருளீட்டிய நிறுவனங்கள், அது புனைவு என்று நீதிமன்றத்தில் வந்து சொல்லும் கடமையை ஏற்க வேண்டும். தான் காணாததையும் செய்யாததையும் தன்மைக் குரலில் சொல்லிப்பார்க்கும் சுதந்திரம் இல்லாமல் இலக்கியம் இல்லை. அந்தச் சுதந்திரத்தை ஓர் இனத்துக்கு மறுக்கும் நீதிமன்றம், அந்த இனத்தின் முழு மனிதத்தன்மையையும் மறுக்கிறது.